அவன் அவள் இல்லாத பாஷை

மழை வரும்போல் இருந்ததால் ஜெயவேல் துறைமுகத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கல்மண்டபத்துப் பக்கம் இருந்த சலவைக் கடைக்கு வந்தான். கடையில் தாயம்மா இல்லை. முதலாளியம்மாள் மட்டும் மேஜைமேல் குனிந்து, யாரோ ஒரு கப்பல் அதிகாரியின் வெள்ளைச் சட்டைக் காலருக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா அவ?"

"தாயம்மா போச்சு," என்றாள் முதலாளியம்மாள் நிமிராமலே. "அவன் வந்தான். ரெண்டு பேரும் போனான்."

"எவன்?"

"அவன்தான். டெய்லி வரான் இல்ல? நல்ல உசரம். வந்தான், சிரிச்சான், தாயம்மாவை இட்டுக்கினு போனான்."

ஜெயவேல் அதற்குமேல் கேட்கவில்லை. பேரைக் கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனவன் பேர் என்ன என்று இன்னொருத்தியிடம் கேட்க அவனால் முடியவில்லை. மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். தாயம்மா அவனுக்கு முன்பே வந்து, அடுப்பைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். அவள் சோறு வைத்ததும் கேட்டான்.

"யார்மே அவன்?"

"எவன்யா?"

"நல்ல உசரமாமே. டெய்லி வரானாமே. உங்க மொதலாளியம்மாவே சொல்லிச்சு."

தாயம்மா யோசித்தாள். பிறகு புரிந்துபோய்ச் சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது. தட்டு சுவரில் போய் மோதியது. குழம்பு சுவரெல்லாம் வழிந்தது. பக்கத்துக் குடித்தனத்தில் பேச்சு நின்றது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைத் துடைத்தாள். விளக்கிச் சொன்னாலும் அவன் நம்பப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். "காத்தால என்கூட வாய்யா. நீயே கேட்டுக்க," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை இருவரும் கடைக்குப் போய் நின்றபோது ஞானசெல்வி தலையில் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு உள்ளே வந்தாள். கப்பல்களிலிருந்து துணி எடுத்து வருவது அவள் வேலை. வாசல் நிலையில் இடிக்காமல் இருக்க மூட்டையோடு முட்டியை மடக்கித்தான் நுழைவாள். அவ்வளவு உயரம். முதலாளியம்மாள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியாலேயே அவளைச் சுட்டிக் காட்டினாள்.

"இவன்தான்."

"இன்னாம்மா நீ, என்ன ஆம்பளயாவே ஆக்கிட்டியா?" என்றாள் ஞானசெல்வி.

ஜெயவேல் வேலைக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலம் நெத்திலி மீன் வாங்கி வந்து, தானே ஆய்ந்து கொடுத்தான். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

ஆனால் தாயம்மாவுக்கு முடியவில்லை. ஆறு வருஷமாக அவள் அந்தக் கடையில் இஸ்திரி போடுகிறாள். முதலாளியம்மாளின் பெயர் சத்தெனிக். ராயபுரத்து வாய்க்கு அது வசதிப்படாமல் சத்தியம்மா ஆகியிருந்தது. அர்மேனியக்காரி. பாரசீகத்தில் ஜூல்ஃபா என்ற ஊரில் பிறந்து, கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு மதராஸுக்கு வந்தவள். உலக யுத்தத்துக்கு முன்னால் புருஷன் செத்த பிறகு இந்தக் கடையைப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தமிழைத் துரைசானித் தமிழ் என்றுதான் எல்லோரையும்போலத் தாயம்மாவும் நினைத்திருந்தாள். இப்போதுதான் உறைத்தது. சத்தியம்மா தமிழில் எல்லாம் சரியாகத்தான் சொல்கிறாள். விலை பேசுவாள், திட்டுவாள், மீன்காரியோடு மல்லுக்கு நிற்பாள். இந்த ஒரு தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறாள். இதே தப்பைச் செய்த இன்னொருத்தியைத் தாயம்மாவுக்குத் தெரியும். அவள் பெயர் நொம்ஸா. அரைகுறைத் தமிழில் தன்னைப் பெற்ற தாயையே "அவன் வந்தான்" என்பாள்.

கரி கனன்றுகொண்டிருந்த ஒரு மத்தியானம் தாயம்மா கேட்டாள்.

"அம்மா, உங்க பாஷைல அவன்னா இன்னா?"

"நா."

"அவள்னா?"

"அதுவும் நா."

"ரெண்டுக்கும் ஒண்ணா?"

"ரெண்டுக்கும் ஒண்ணு. எதுக்கு ரெண்டு? யாருன்னு பார்த்தா தெரியாதா?"

"ஜூலுலயும் அப்டித்தாம்மா," என்றாள் தாயம்மா. "உயேஸான்னா, அவன் வரான். அவ வந்தாலும் உயேஸாதான்."

சத்தெனிக் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "ஜூலுன்னா இன்னா?"

ஆறு வருஷத்தில் தாயம்மா அதைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை. ஜெயவேலிடம்கூட அவ்வளவாகச் சொன்னதில்லை. அவள் பிறந்தது தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில். அப்பா நீலமேகம் சர்க்கரை ஆலையில் ஜூலுக்காரர்களோடு வேலை செய்தார். அம்மா பிரசவத்தில் போனபின் தாயம்மா வளர்ந்ததெல்லாம் ஆலை மானேஜர் வீட்டுப் பின்கட்டில். அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜூலுக்காரிதான் நொம்ஸா. தாயம்மா நடக்கக் கற்றதும் அவளுடைய இஸ்திரி மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டுதான். அப்பாவோடு தமிழ், நொம்ஸாவோடு ஜூலு. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. அவளுக்குப் பதினாலு வயதிருக்கும்போது, ஊருக்குத் திரும்ப விரும்புகிற இந்தியர்களுக்கு இலவசக் கப்பல் என்று அங்கத்து சர்க்கார் சொன்னது. அப்பா கைநாட்டு வைத்தார். மதராஸில் வந்து இறங்கினார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் சத்தெனிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த பாஷை பேசு. கேக்குறேன்."

அதன் பிறகு மத்தியானங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. சட்டைகள் ஒருபுறம் அடுக்கப்பட்டுக்கொண்டே போகும், மறுபுறம் வார்த்தைகள். வீட்டுக்கு சத்தெனிக் தூன் என்பாள், தாயம்மா இந்த்லு என்பாள். பல வீடுகள் என்றால் அர்மேனியத்தில் வார்த்தைக்குப் பின்னால் மாறும், தனேர் என்று ஆகிவிடும். தமிழில் கள் போடுகிற மாதிரி வாலில். ஜூலுவில் தலையில் மாறும்: இசிந்த்லு. "தலைய மாத்தினா யாருன்னு எப்படித் தெரியும்?" என்று சத்தெனிக் சண்டைக்கு வந்தாள். "தொப்பியப் பார்த்தே தெரிஞ்சுக்கலாமேம்மா, ஒருத்தனா கும்பலான்னு," என்றாள் தாயம்மா. அர்மேனியத்துக்குச் சொந்த எழுத்து உண்டு. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாமியார் உண்டாக்கியது என்று சத்தெனிக் கஞ்சி நீரைத் தொட்டு மேஜைமேல் எழுதிக் காட்டினாள். குதிரை லாடங்களை வரிசையாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்ததுபோல் இருந்தது. ஜூலுவுக்கு எழுத்து இல்லை, பாதிரிமார்கள் இங்கிலீஷ் எழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்றபோது சத்தெனிக்குக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அதிக நேரம் நிற்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் அடங்காத சத்தங்கள் அதில் இருக்கின்றன என்று தாயம்மா செய்து காட்டினாள். மாட்டு வண்டிக்காரன் கன்னத்துக்குள் நாக்கை அடித்து மாட்டை விரட்டுவானே, அந்தச் சத்தம் ஜூலுவில் ஓர் எழுத்து. சோடா மூடி தெறிக்கிற மாதிரி ஒன்று. நாம் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவோமே, அதுவும் ஓர் எழுத்து. இல்லை என்கிற வார்த்தையே அந்த உச்சில்தான் ஆரம்பிக்கும்.

"இல்லைங்கிறதுக்கா?" சத்தெனிக் வியந்துபோனாள். புருவத்தைத் தூக்கி, முகவாயை நிமிர்த்தி, நாக்கால் ஒரு உச்சுக் கொட்டிக் காட்டினாள். ஜூல்ஃபாவில் இல்லை என்பதற்கு அதுதான். வார்த்தைகூட வேண்டாம். இங்கே வந்த புதிதில் பால்காரனுக்கு அப்படிப் பதில் சொல்ல, தன் மேல் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்து அவன் நின்று தன் குடும்பக் கஷ்டத்தை எல்லாம் சொன்னானாம்.

இன்னொரு நாள் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தது. அர்மேனியத்தில் தண்ணீர் ஜூர். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் சத்தெனிக் மயக்கம் போட்டு விழுந்து, ஜூர், ஜூர் என்று கேட்டிருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜுரம் என்று புரிந்துகொண்டு கம்பளியைப் போர்த்திக் கஷாயம் காய்ச்சியிருக்கிறார்கள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஞானசெல்வியும் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஜூலுல இன்னா?"

"அமான்சி," என்றாள் தாயம்மா. கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, "எங்கப்பா கடைசியா கேட்டது அதாம்மா," என்றாள். "காலராவுல ஆஸ்பத்திரில போட்டிருந்தாங்க. தமிழு எங்கியோ பூடுச்சி. அமான்சி, அமான்சின்னுதான். நான் வெளியே நின்னுகினு இருந்தேன், உள்ள வுடல. உள்ள இருந்த ஆயா அப்புறமா வந்து கேட்டா, அமான்சின்னு உங்கப்பாருக்கு யாரனா பொம்பள இருந்தாளாம்மா, கடைசி வரிக்கும் கூப்ட்டுகினே இருந்தாருன்னு."

யாரும் சிரிக்கவில்லை. சத்தெனிக் எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு வந்து தாயம்மாவின் பக்கத்தில் வைத்தாள். தாயம்மா அதைக் குடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது. பாரசீகத்து ஆபாதானிலிருந்து எண்ணெய்க் கப்பல்கள் முன்போல வர ஆரம்பித்திருந்தன. அப்படி வந்த ஒன்றில் சத்தெனிக்கின் தங்கை மகன் அர்ஷக் வேலை பார்த்தான். இரண்டு நாள் கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். தாயம்மாவுக்கு அந்தப் பேச்சில் அங்கங்கே ஒரு வார்த்தை பிடிபட்டது: வீடு, தண்ணீர், வா. சத்தெனிக் வேலையை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு சொன்னாள்.

ரஷ்யாவோடு சேர்ந்த அர்மேனிய தேசம் இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ கிடக்கிற அர்மேனியர்களை எல்லாம் வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். தங்கை குடும்பம் பெயர் கொடுத்துவிட்டது. அக்காவையும் சேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பம்பாய் போய், அங்கிருந்து கப்பலில் பாரசீகம், பிறகு எல்லோருமாகச் சேர்ந்து மலை தாண்டி.

"டிராம்ல டிக்கெட் கிழிக்கிறவன்கூட எங்க பாஷை பேசுவானாம், தாயா. போலீஸ்காரன் திட்டினா எங்க பாஷைல திட்டுவான். கடைல பேர் போட்டது எல்லாம் எங்க எழுத்து."

"நீங்க அந்த ஊர முன்ன பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. எங்கப்பா, அவனோட அப்பா, அவனோட அப்பா, யாரும் பார்க்கல. பாரசீகத்து ஷா ராஜா ஒருத்தன் எங்க ஆளுங்கள மந்தை மாதிரி ஓட்டிக்கினு வந்து ஜூல்ஃபாவுல வச்சான். முந்நூறு வருஷம் ஆச்சு."

தாயம்மா பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முதலாளியம்மாள் முகத்தில் இருந்த அந்த வெளிச்சம் அவளுக்குப் பழக்கமானது. கப்பல் தட்டில் அப்பாவின் முகம் அப்படித்தான் இருந்தது.

"எங்கப்பாவும் கப்பல்ல இதயேதாம்மா சொன்னாரு. அங்க எல்லாரும் தமிழு, கூலின்னு கூப்பிட ஆள் கெடையாதுன்னு. ஆற்காட்டாண்ட எங்க ஊருக்குப் போனோம். சித்தப்பா வூடு. வாசல்லயே நிக்க வச்சி, யார் கையில துன்னீங்க, யாரோட பொழங்கினீங்கன்னு கேட்டாங்க. குடிக்கத் தண்ணி எட்டி நின்னு கையில ஊத்தினாங்க. நான் பேசுற தமிழு அவங்களுக்குக் கூத்து. தெருப் பொண்ணுங்க எல்லாம் வந்து, பேசு பேசுன்னு கெஞ்சும், கிளியாண்ட கேக்குற மாதிரி. பேசினா வுழுந்து வுழுந்து சிரிக்கும். அங்க கூலி, இங்க நேட்டால்காரி. மூணு மாசம்கூடத் தாங்கல, மெட்ராஸுக்கு வந்துட்டோம்."

"உங்க ஊர்க்காரன் கெட்டவன். எங்க ஆளு அப்படி இல்ல."

"கெட்டவங்க இல்லம்மா. நாங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியல. அவ்ளோதான்."

சத்தெனிக்கின் முகம் சிவந்தது. "நான் போயிட்டா உன் வேலை போயிடும். அதுக்குத்தானே சொல்ற?"

தாயம்மா கரியைக் கிளறிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அன்று வீட்டுக்குப் போய் ஜெயவேலிடம் சொன்னாள். அவன் கொதித்தான். "இத்தினி வருஷம் ஒழைச்சதுக்கு இதான் மருவாதியா? அபாண்டமா சொல்லுதே."

"முழுசா பொய் இல்லய்யா," என்றாள் தாயம்மா. "சொல்லசொல்ல எனக்கே வேல போயிடுமேன்னு ஞாபகம் வந்துச்சி."

பிறகு கடையில் பேச்சு குறைந்துபோயிற்று. கரி போடு, அந்தக் காலரைப் பார், நாலு மணிக்குக் கப்பலுக்குப் போகணும். இப்படி வேலைக்கான தமிழ் மட்டும். ஞானசெல்விதான் இருவருக்கும் நடுவில் ஏதாவது பேசிக்கொண்டிருந்தாள். அர்மேனியமும் ஜூலுவும் மேஜையை விட்டுப் போய்விட்டன. தாயம்மாவுக்கு அது இவ்வளவு கனக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. பதினாறு வருஷம் யாரோடும் பேசாமல் இருந்த பாஷைதானே, இன்னும் சில நாள் பேசாவிட்டால் என்ன என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி இல்லை. திறந்துவிட்ட பிறகு மூடுவது வேறாக இருந்தது. இஸ்திரி போடும்போது வாய்க்குள்ளேயே நாக்கு அந்தச் சத்தங்களை அடித்துக்கொண்டிருந்தது.

பெரிய மேஜை விரிப்பு ஒன்றை மடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வரும்போது சத்தெனிக் கேட்டாள்.

"உங்கப்பா திரும்பிப் போகணும்னு சொன்னானா?"

"சொன்னதில்லம்மா. போவவும் முடியாது. இங்க வந்துட்டா திரும்ப அங்க போவ மாட்டோம்னு சொல்லித்தான் கைநாட்டு வாங்கினாங்க."

"அங்கயே இருந்தா நல்லா இருந்திருப்பானா?"

தாயம்மா விரிப்பின் முனைகளைச் சேர்த்தாள். "கூலியா இருந்திருப்பாரு. அங்கயும் ஒரு நாள் செத்துத்தான் போயிருப்பாரு."

"ஆனா தண்ணி கேட்டா குடுத்திருப்பான்," என்றாள் சத்தெனிக். "பக்கத்துல நிக்கிறவனுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்கு அம்பத்தெட்டு வயசு ஆவுது, தாயா. டிராம், போலீஸ், அது எல்லாம் சும்மா சொன்னேன். கடைசில நான் கேக்குறது இன்னான்னு பக்கத்துல இருக்கிறவனுக்குப் புரியணும். அதுக்குப் போறேன்."

 எனக்கு ஜூர் தெரியுமே என்று தாயம்மாவுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு வார்த்தை தெரிவது போதாது என்பது அவளுக்குத் தெரியும். விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தார்கள்.

கடையை அத்தாவுல்லா என்பவர் எடுத்துக்கொண்டார். வண்ணாரப்பேட்டையில் ஏற்கெனவே ஒரு கடை வைத்திருந்தவர். தாயம்மாவும் ஞானசெல்வியும் அப்படியே இருக்கட்டும் என்று சத்தெனிக் பேசி முடித்திருந்தாள். அதை அவளாகத் தாயம்மாவிடம் சொல்லவில்லை. அத்தாவுல்லா வந்து, "நம்மகிட்டயும் இதே மாதிரி வேலை செய்யணும்மா," என்றபோதுதான் தெரிந்தது.

பொங்கல் கழிந்த வாரம் சத்தெனிக் கிளம்பினாள். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், துணியில் சுற்றிய மாதா படம். சென்ட்ரலுக்குப் போகக் குதிரை வண்டி வந்து வாசலில் நின்றது. ஜெயவேல் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பெட்டிகளை ஏற்றினான். "நம்ம வூட்ல கலாட்டா பண்ணிவுட்ட ஆளு நீ. நல்லபடியா போம்மா," என்று சொல்லிவிட்டு, சிரித்து, ஞானசெல்வியோடு சேர்ந்து படுக்கையைக் கட்டப் போனான்.

தாயம்மா முன்னால் வந்து நின்றாள். தினமும் சாயங்காலம் அவள் சொல்வது, வரேம்மா. சத்தெனிக் சொல்வது, போயிட்டு வா. அதைத் திருப்பிப் போட்டால் போதும். ஆனால் போய்விட்டு வா என்று எப்படிச் சொல்வது? தமிழில் போகிறவர்களை வரச் சொல்லாமல் அனுப்ப வழியில்லை. சத்தெனிக்கும் வாயைத் திறந்து, "போயிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"எங்க பாஷைல ரெண்டு இருக்கு," என்றாள் பிறகு. "போறவன் சொல்றதுக்கு ஒண்ணு. இருக்கிறவன் சொல்றதுக்கு ஒண்ணு. நல்லா இரு, நல்லா போ."

தாயம்மா அவளையே பார்த்தாள். "ஜூலுலயும் அப்டித்தாம்மா. ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டு. போறவங்களுக்கு ஒண்ணு, இருக்கறவங்களுக்கு ஒண்ணு."

இவ்வளவு பேசியும் இதுவரை இது அவர்கள் பேச்சில் வந்ததில்லை. தேவைப்படவில்லை. சத்தெனிக் தாயம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கரிச் சூட்டில் காய்த்துப்போன கைகள், இரண்டு பேருக்கும்.

"ம்னாஸ் பாரோவ்," என்றாள்.

"ஹம்பா கஃலே," என்றாள் தாயம்மா.

சத்தெனிக் வண்டியில் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். வண்டிக்காரன் கன்னத்துக்குள் நாக்கை அடித்தான். குதிரை நகர்ந்தது. ஜெயவேலும் ஞானசெல்வியும் உள்ளே போய்விட்டார்கள். தாயம்மா வாசலிலேயே நின்றாள்.

வண்டி தெருக்கோடி வரைக்கும் போயிற்று. அங்கே ரயில்வே கேட்டு மூடியிருந்தது. துறைமுகத்திலிருந்து வந்த கூட்ஸ் ஒன்று கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் முன்னால் போகும், இடித்துக்கொண்டு நிற்கும், மறுபடி பின்னால் வரும். வண்டிக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி, ஒரு சைக்கிள், கூடையோடு இரண்டு மீன்காரிகள். அவர்கள் தலைக்கு மேலாக சத்தெனிக் தெரிந்தாள். அவளுக்கும் வாசலில் தாயம்மா நிற்பது தெரிந்திருக்க வேண்டும். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிட்டுச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குதிரை ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றது. கூட்ஸ் வண்டி இன்னொரு தரம் பின்னால் வந்தது. கேட்டு திறக்கவில்லை.